உப்பு வண்டி கடக்கும் வரை

டெலிபோன் மணி அடித்ததும் உச்சிமாகாளிக்கு முதலில் வந்தது கோபம்தான். மத்தியானச் சோற்றுக்கும் சாயந்தர பாசஞ்சருக்கும் நடுவில் இந்த லைனில் வண்டி கிடையாது, அது கேட் பக்கம் மேய்கிற ஆட்டுக்குக்கூடத் தெரியும், அந்தத் தெம்பில்தான் அவன் பேராச்சியிடம், "நீ தைரியமாப் போயிட்டு வா, இப்ப எந்த வண்டியும் வராது, வந்தா ஒத்தக் கையால மறிச்சுப் போட்டுருதேன்" என்று சொல்லி அனுப்பினான், அவளும் செம்பை முந்தானையில் மூடிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி, கழுதைக்காரி எசக்கி வீட்டுக்கு ஒரு சங்குப் பாலுக்காகப் போய்விட்டாள். இந்நேரம் உடைமரக் காட்டுப் பாதையில் பாதிகூட நடந்திருக்க மாட்டாள். "உப்பு ஸ்பெஷல் ஒண்ணு விட்டிருக்கேன், கேட்டை அடைச்சுக்கோ" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், ஏதோ மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்கிற மாதிரி. சரி சார் என்று வைத்துவிட்டான். வேறு என்ன சொல்ல, எம் பிள்ளைக்குக் கக்குவான் இருமல், பெண்டாட்டி கழுதைப் பாலுக்குப் போயிருக்கிறாள், உப்பைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்றா. குவார்ட்டர்ஸ் என்று பெயர் வாங்கிய அந்த ஒற்றை அறைக்குள் எட்டிப் பார்த்தான். விட்டத்தில் கட்டிய சேலைத் தூளிக்குள் பிள்ளை கிடந்தது, வெளியே தெரிந்தது துணியின் பிதுக்கம் மட்டும், ஒரு பூசணிப் பிஞ்சைப் போட்டு வைத்த மாதிரி. சற்று முன்புதான் ஒரு தடவை இருமி ஓய்ந்து, உதடு நாவற்பழமாகி, பிறகு மெல்ல மெல்லச் சிவந்து, களைத்துப்போய் உறங்குகிறது. உறங்குகிறது. அந்தச் சொல்லை அவன் மனசுக்குள் சொல்லும்போதே அது வழுக்கியது, ஈரத் தரையில் கால் வைத்த மாதிரி. தூளியின் அடியில் கட்டிய சணல் கயிற்றை ஜன்னல் கம்பி வழியே வெளியே எடுத்து இடது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, வலது கையால் சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்கினான்.

அந்தக் கயிறு அவன் கண்டுபிடிப்பு. பேராச்சி சிரிக்கவில்லை, "இதுல என்ன தெரியும்" என்று மட்டும் கேட்டாள். என்னவெல்லாம் தெரிந்தது. பிள்ளை கால் உதைத்தால் ஒரு வெட்டு. இருமினால் கோழி கொத்துகிற மாதிரி குட்டிக் குட்டி இழுப்பு, விடாமல், ஒன்றன் மேல் ஒன்றாக, கொத்திக் கொத்திக் கொத்தி, அப்புறம் ஒன்றுமில்லாமல் ஒரு இடம், அந்த இடத்தில் உச்சிமாகாளி கிணற்றுக்குள் விழுகிற மாதிரி கீழே கீழே போவான், அப்புறம் உடம்பை வில்லாக வளைத்து மூச்சை உள்ளே வாங்குமே அந்த ஒரு நீள இழுப்பு, கூடவே ஊ என்று ஒரு சத்தம், தூரத்து எஞ்சின் ஊதுகிற மாதிரி. தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் டாக்டர் வேறு மாதிரி சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அந்தச் சத்தம் வந்தா நல்லதுன்னு வச்சுக்கோயா. இம்புட்டுப் பச்சைப் பிள்ளைக்குச் சில சமயம் சத்தமே வராது. இருமக்கூட இருமாது. சும்மா இருக்கும், மூச்சு நின்னிருக்கும். ஒருத்தர் கண்ணு எப்பவும் பிள்ளை மேலயே இருக்கணும், நின்னா உடனே தொட்டு உசுப்பணும்" என்றார். மருந்து? கொடுத்திருக்கேன், இது போகப் போகத்தான் போகும். ஊசி? அது ஒண்ணரை மாசம் முடிஞ்சப்புறம் போடுறது, அதுக்குள்ள வந்துட்டுதே. அதுக்குள்ள வந்துட்டுதே என்று அவர் சொன்ன விதம், அழைக்காத விருந்தாளியைச் சொல்லுகிற மாதிரி. சும்மா இருந்தால் பயப்பட வேண்டும், இருமினால் சந்தோஷப்பட வேண்டும், உலகத்தில் எந்த அப்பனுக்காவது இப்படி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களா. கொடியைப் பிடி, கயிற்றைப் பிடி, கண்ணைப் பிள்ளை மேல் வை, அதே கண்ணை வண்டி மேலும் வை.

பஸ் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. நிற்காமலா இருக்கும், இன்றைக்கு எல்லாம் வரும். கண்டக்டர் லாசர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே, "என்னவே உச்சி, இந்த நேரத்துல அடைச்சுப் போட்டுருக்கீரு? இன்னைக்கு வண்டி எம்புட்டு நீளம், பேரன் பேத்தி எடுத்துட்டுப் போகலாமா?" என்றான், உள்ளே நாலு பேர் சிரித்தார்கள். அது உச்சிமாகாளியின் கதை, அவன் சொல்லிச் சொல்லி இந்த ரோடு முழுக்கத் தெரிந்த கதை. முன்னொரு காலத்தில் இந்தக் கேட் வழியாக ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று, அது எவ்வளவு நீளம் என்றால், எஞ்சின் கேட்டைத் தாண்டும்போது பஸ்ஸில் ஒருத்திக்கு இடுப்பு வலி எடுத்தது, பத்தாவது பெட்டிக்குப் பிள்ளை பிறந்தது, நடுப் பெட்டிகளுக்குப் பல் முளைத்து, மீசை முளைத்து, பொண்ணு பார்த்து, கடைசியில் கொடியோடு கார்டு நிற்கிற கார்டு வண்டி வரும்போது அந்தப் பிள்ளை தன் கல்யாணத்துக்குப் பத்திரிகையை அந்தக் கார்டு கையில் நீட்டி, "அவசியம் வந்துரணும்" என்றதாம். கார்டு வந்தாரா என்று யாராவது கேட்பார்கள். "எப்படி வருவாரு, அடுத்த ஸ்டேஷன்ல அவருக்குச் சட்டப்படி ரிடையர்மென்டுல்லா." கேட் அடைத்த நேரமெல்லாம் சிரிப்பு. ஹார்ன் அடிக்கிற டிரைவர்கூட இந்தக் கேட்டில் ஹார்ன் அடிக்க மாட்டான். இன்றைக்கு லாசருக்குக் கதை கிடைக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினான், அதுவும் இடது கை, ஆட்டியதும் கயிறு இழுபட்டது, ஐயோ என்று கையைப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தான். நான் இழுத்தால் தூளி ஆடும், தூளி ஆடினால் கயிறு ஆடும், அப்புறம் ஆடுவது நானா பிள்ளையா என்று எவன் சொல்ல. அசையக் கூடாது. நான் கல்லாக இருந்தால்தான் அது உயிரோடு இருப்பது தெரியும்.

எஞ்சின் வளைவில் தலை காட்டியது. பச்சைக் கொடியை நீட்டினான். இரட்டை எஞ்சின், பின்னால் உப்பு, உப்பு, உப்பு, தார்ப்பாய் மூடிய உப்பு, மூடாத உப்பு, வெயிலில் கண்ணைக் கூசுகிற உப்பு. எஞ்சின் அவனைத் தாண்டியபோது நிலம் உள்ளங்காலுக்குள் ஏறியது, குவார்ட்டர்ஸ் ஜன்னல் கடகடத்தது, தண்ணீர்க் குடத்தின் மேல் கவிழ்த்த டம்ளர் கிணுகிணுத்தது, மணிக்கட்டில் கயிறு நடுங்கியது. நடுங்குகிறது! என்று ஒரு கணம் சந்தோஷம் பீறிட்டு, அடுத்த கணமே புரிந்தது, நடுங்காதது எது. ஜன்னல் நடுங்குகிறது, விட்டம் நடுங்குகிறது, விட்டத்தில் தூளி, தூளியில் கயிறு, கயிற்றில் நான். உள்ளே ஒரு பூசணிப் பிஞ்சையே போட்டு வைத்திருந்தாலும் இப்படித்தான் நடுங்கும். கண்டுபிடித்தானே கண்டுபிடிப்பு, இத்தனை வருஷம் கேட்டில் நின்றவனுக்கு வண்டி வந்தால் வீடு ஆடும் என்பது மட்டும் ஞாபகமில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் என்ன. பத்து எட்டுத் தூரம் இருக்குமா. கடைசிப் பெட்டி தாண்டும் வரை கொடியோடு நின்று, எந்தச் சக்கரத்தில் நெருப்புப் பொறி, எந்தச் சங்கிலி தொங்குகிறது என்று பார்க்க வேண்டும், அது சட்டம். சட்டம் கிடக்கட்டும், எஞ்சின் போய்விட்டது, கார்டு வர நேரமிருக்கிறது, ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் எவன் கேட்கப் போகிறான். காலைத் தூக்கினான். கால் எழும்பவில்லை. காலுக்குத் தெரியும், போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காத வரை உறங்குகிறது.

பார்த்து என்ன தெரிந்தது போன தடவை. போன தடவை அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். மூத்தவனுக்கு இருமல் கிடையாது, காய்ச்சல் கிடையாது, காலையில் சிரித்தான், பால் குடித்தான், ஏப்பம் விட்டான், இதே விட்டத்தில் இதே சேலையில் கிடந்தான். பேராச்சி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உச்சிமாகாளி தூளிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆட்டிக்கொண்டே கதை சொன்னான், அந்த நீள வண்டிக் கதைதான், எஞ்சின் முதல் கார்டு வரை ஒரு பெட்டி விடாமல். எப்போதும் நடுவில் காலை உதைப்பான், சிணுங்குவான். அன்றைக்கு உதைக்கவில்லை. இந்தக் கதையை இத்தனை அமைதியாக எவனும் கேட்டதில்லை என்று உச்சிமாகாளிக்கு ஒரே பெருமை, பல் முளைக்கிற இடத்தைக் கொஞ்சம் நீட்டினான், மீசைக்குப் புதுசாக ஒரு நாவிதனைக் கொண்டு வந்தான், கல்யாணத்துக்கு மேளம் வைத்தான். கார்டு ரிடையராகி முடிந்த பிறகுதான் குனிந்து பார்த்தான். எந்தப் பெட்டியில் போனான்? பல் முளைத்தபோதா, மேளம் அடித்தபோதா? டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், "ஒண்ணுமே இல்லையேப்பா" என்றார். ஒண்ணுமே இல்லை என்றால் ஏன் சார் எழுந்திருக்க மாட்டேங்குது? "சில பிள்ளைகளுக்கு இப்படி ஆயிரும். ஏன்னு எங்களுக்கும் தெரியாது." படித்த மனுஷன் தெரியாது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார், அதற்கு மேல் அவரைக் கேட்கப் பாவமாக இருந்தது.

ஆனால் ஜனங்கள் கேட்டார்கள். கேட் அடைத்து நிற்கிற ஜனங்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். எப்படிவே, என்னவே, எதனாலவே. ஒண்ணுமில்லாமல் செத்தது என்று சொன்னால் எவனும் ஒத்துக்கொள்ளவில்லை, நீ எதையோ மறைக்கிறாய் என்கிற மாதிரி பார்த்தார்கள், அதனால் அவன் ஆளுக்கு ஒன்று கொடுத்தான். லாசரிடம், ராத்திரியிலிருந்தே உள்காய்ச்சல் என்றான். மாட்டு வண்டிக்காரர்களிடம், ஆந்தை நிழல் விழுந்துவிட்டது, பட்சி தோஷம் என்றான். உப்பளத்துப் பெண்களிடம், பால் புரை ஏறிவிட்டது என்றான். சொல்லும்போது ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது, ஆரம்பம் நடு கடைசி எல்லாம் இருந்தது, கேட்டவர்கள் உச்சுக் கொட்டி, மனசு ஆறி, கேட் திறந்ததும் போனார்கள். உப்பளத்துப் பெண்கள் பேராச்சியிடம் வந்து, "இனிமே படுத்துக்கிட்டுப் பால் குடுக்காதே தாயி" என்றார்கள். அவள் அன்றைக்கு அவனிடம் சண்டை போடவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, "எல்லார்ட்டயும் ஒவ்வொண்ணு சொன்னீய. எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே" என்றாள். அதன் பிறகு இந்தப் பிள்ளை பிறந்தபோது அவள்தான் எல்லாம் முறைப்படி செய்தாள், பிறந்ததும் எசக்கியிடம் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திருப்பி வாங்கினாள், தவிட்டம்மா என்று பெயர் வைத்தாள், எமன் வந்து பார்த்தால் சீ, தவிட்டுக்கு வாங்கின சரக்கு என்று விட்டுவிட்டுப் போவானாம். அன்றைக்குத்தான் உச்சிமாகாளிக்கு வாய் சும்மா இருக்கவில்லை, "எமன் விட்டுருவான், அவன் ஏறி வர்றது எருமையில்லா? தவிட்டு வாசனை பிடிச்சா எருமை நேரா வீட்டுக்குள்ள வந்துருமே" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எசக்கிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பேராச்சி சிரிக்கவில்லை. இப்போது அந்த எருமை அவன் தலைக்குள் நிற்கிறது. துரத்தினால் போக மாட்டேன் என்கிறது. தடதடவென்று பெட்டி போகிற சத்தத்துக்குள்ளே அதன் குளம்புச் சத்தமும் இருக்கிறது, முகர்ந்து முகர்ந்து ஜன்னலுக்குக் கீழே வருகிறது, நான் சொன்ன எருமை, என் வாயிலிருந்து இறங்கிய எருமை.

பெட்டி எண்ணுவது அவன் பழக்கம். இன்றைக்கு எண்ணவில்லை. எண்ணினால் ஒரு எண்ணில் நிற்க வேண்டியிருக்கும், அந்த எண்ணிலா என்று ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் முடியவே இல்லையே. உப்பு வந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு நீள வண்டி இந்த லைனில் கிடையாது, இருந்ததில்லை, இது அந்த வண்டிதான், அவன் சொன்ன வண்டி, சொன்னதைக் கேட்டு எங்கிருந்தோ கிளம்பி இத்தனை நாள் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது, எஞ்சின் தாண்டும்போது உயிரோடிருந்த பிள்ளை கார்டு வண்டி வரும்போது என்ன ஆகும் என்று காட்டுவதற்கு. நான் சொன்னது வளர்ற கதைதானே. பல் முளைக்கிற கதைதானே. அதைப்போய் இப்படித் திருப்பிக்கொண்டு வந்தால் எப்படி. அப்போது பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் அந்தப் பக்கம் ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது. பேராச்சி. எஞ்சின் ஊதியதைக் கேட்டுத் திரும்பி ஓடி வந்திருக்கிறாள், கேட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஒரு பெட்டிக்கு முகம், ஒரு பெட்டிக்கு உப்பு, ஒரு பெட்டிக்கு முகம். அந்த முகம் அவனைக் கேட்கிறது. வாய் அசைகிறதா, மூச்சு வாங்குகிறாளா, தெரியவில்லை. உப்பு. முகம். நன்றாக இருக்கிறது, உறங்குகிறது என்று தலையை ஆட்டலாம். ஆட்டினால் நம்புவாள். நம்ப மாட்டாள். போன தடவையும் துவைத்த துணியோடு வந்து பிள்ளை உறங்கிட்டானா என்று கேட்டபோது, நல்ல உறக்கம், கதை கேட்டுக்கிட்டே உறங்கிட்டான் என்றுதானே தலையை ஆட்டினான், அதற்கப்புறம்தானே குனிந்தான். கழுத்து அசையவில்லை. உப்பு. முகம். உப்பு. இருமேன் தாயி. ஒரே ஒரு தடவை. ஊர் முழுக்கக் கதவைச் சாத்தட்டும், நீ இரும்.

கார்டு வண்டி வந்தது. கார்டு கொடியை ஆட்டினார், கிழவரில்லை, வாலிபப் பையன், பத்திரிகை கொடுக்க யாருமில்லை, போய்விட்டார். சத்தம் வண்டியின் பின்னாலேயே போயிற்று, முதலில் ஜன்னல் நின்றது, அப்புறம் டம்ளர், அப்புறம் நிலம். கடைசியில் கயிறும் நின்றது. மணிக்கட்டில் அது சும்மா கிடந்தது, யாரும் கட்டாத கயிறு மாதிரி. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பேராச்சி. இந்தப் பக்கம் அவன். நடுவில் எதுவும் இல்லை, குனிந்து நுழைந்தால் வந்துவிடலாம், அவள் வரவில்லை. அவள் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் கால் எழும்பவில்லை என்பது அவனுக்கு அங்கிருந்தே தெரிந்தது. "யோவ் உச்சி, வண்டி போயாச்சுய்யா, திறக்கிறீரா, இல்ல நாங்க இங்கயே வீடு கட்டிக்கிடவா?" என்றான் லாசர். பஸ்ஸுக்குள் ஒரு கிழவர், "இரும்யா, ஆளு புதுக்கதை யோசிக்காரு" என்றார். டிரைவர், இந்தக் கேட்டில் ஹார்ன் அடிக்காத டிரைவர், முதல் தடவையாக ஹார்ன் அடித்தான். உச்சிமாகாளி அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை, விட்டால் மார்பு ஏறும், மார்பு ஏறினால் தோள், தோளிலிருந்து கை. வெயில். ஒரு ஈ கயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தது, அது உட்கார்ந்ததுகூடத் தெரிந்தது. அது பறந்தது.

கொத்திற்று.

ஒரு கொத்து. ஈயோ என்றிருந்தது. இன்னொன்று. அப்புறம் கொத்திக் கொத்திக் கொத்திக் கொத்தி, கோழி தவிட்டைக் கொத்துகிற மாதிரி கயிறு மணிக்கட்டைப் பிடித்து உலுக்கிற்று, அறைக்குள்ளிருந்து அந்த இருமல் கிளம்பிற்று, குடலைப் பிடுங்குகிற இருமல், பஸ்ஸில் பிள்ளை வைத்திருந்த ஒருத்தி ஷட்டரை இறக்கினாள். நின்றது. ஒன்றுமில்லாத இடம் வந்தது. உச்சிமாகாளி கீழே போனான், போனான், அடியே இல்லை, எதிரில் பேராச்சியின் வாய் திறந்தபடி நிற்கிறது, அவளும் மூச்சு வாங்கவில்லை, இரண்டு பேரும் அந்த மூச்சை வாங்காமல் பிள்ளைக்கு விட்டு வைத்திருக்கிற மாதிரி. கயிறு இழுத்தது. நீளமாக, அவன் கையையே ஜன்னல் பக்கம் கொண்டு போகிற மாதிரி இழுத்தது. ஊ என்று கேட்டது.

செம்பு தரையில் விழுந்து உருண்டது, பேராச்சி கேட்டுக்குக் கீழே குனிந்து ஓடி அவனைத் தாண்டி உள்ளே போனாள். உச்சிமாகாளி சக்கரத்தைச் சுற்றினான். பஸ் நகரும்போது லாசர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "என்னவே அது சத்தம்?" என்று கேட்டான். "பிள்ளை இருமுது" என்றான் உச்சிமாகாளி, பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொல்லுகிறவன் மாதிரி முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு. லாசர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விசில் ஊதினான்.

அவன் போய்ச் செம்பை எடுத்து வந்தான். அதற்குள் ஒரு சொட்டுப் பால் இல்லை, அவள் எசக்கி வீடு வரை போகவே இல்லை. பேராச்சி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். பிள்ளையின் உதட்டில் இன்னும் கருப்பு முழுக்க விலகவில்லை. கண் சொருகியிருந்தது. உறங்குகிறது. "சாயந்தரம் பாசஞ்சர் உண்டுல்லா?" என்று கேட்டாள். "உண்டு." அவள் ஒற்றைக் கையால் அவன் இடது கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டில் சணல் பதிந்து சிவப்பாக ஒரு வளையம். அவிழ்க்கப் போகிறாள் என்று அவன் கையைத் தளர்த்திக் கொடுத்தான். அவள் கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்து, முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.